காரணமில்லாமல் அடிக்கிறாரா? வளர்ச்சிக் குறைபாடுள்ள பெரியவர்களின் ஆக்ரோஷத்துக்குக் காரணம் தேடும் முறை

அறிவுசார் குறைபாடு, ஓட்டிசம், டவுண் சின்ட்ரோம் போன்ற நிலைகளுடன் வளர்ந்து இருபது, முப்பது, நாற்பது வயதை எட்டிவிட்ட ஒருவர் வீட்டாரை அடிக்கவோ கடிக்கவோ கையில் கிடைப்பதை எறியவோ தொடங்கினால், இதை எப்படி நிறுத்துவது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எதற்காக அடிக்கிறார் என்று தெரியாமல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. பல்வலியால் அடிப்பவருக்கும், சத்தம் தாங்காமல் அடிப்பவருக்கும், செத்துப்போன தகப்பனைத் தேடி அடிப்பவருக்கும் ஒரே மருந்தோ ஒரே கண்டிப்போ உதவப்போவதில்லை. தாய் தகப்பன் தளர்ந்துவிட்டதால் பொறுப்பைக் கையேற்றிருக்கும் அக்கா, தம்பிமாரையும், திருகோணமலையிலும் அதைச் சூழ்ந்த பிரதேசங்களிலும் பராமரிப்பு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

பிள்ளையாக இருந்தபோது தூக்கிக்கொண்டுபோய் அடுத்த அறையில் விட்டுச் சமாளித்த அதே நடத்தை, ஆள் வளர்ந்து உடற்பலம் கூடிய பிறகு வேறொன்றாகத் தெரிகிறது. பெரும்பாலும் நடத்தை மாறியிருக்காது. அதைத் தாங்கிக்கொள்ளும் வீட்டாரின் பலமே குறைந்திருக்கும். ஆகவே, இது புதிதாக வந்ததா, பழையது பெரிதாகிவிட்டதா என்பதை முதலிலேயே பிரித்துப் பார்க்க வேண்டும். புதிதாக வந்ததென்றால் உடம்பையும் அண்மைய மாற்றங்களையும் தேட வேண்டும். பழையதென்றால், இத்தனை வருடமாக அந்த அடியால் அவருக்கு என்ன கிடைத்துவந்தது என்பதைத் தேட வேண்டும்.

தொடங்குமுன்: யாருக்கும் காயம் வராமல்

காரணம் தேடுவதற்குச் சில வாரங்கள் செல்லும். அதுவரையில் கத்தி, திருவலை, சுடுநீர்ப் போத்தல், கண்ணாடிப் பொருள்கள் ஆகியவற்றைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அவர் கொதிப்படையும்போது ஒருவர் மட்டும், குறைந்த சொற்களில், வாசலை மறிக்காமல் நின்று பேசட்டும். நாலு பேர் சூழ்ந்து நின்று புத்தி சொல்வதைப்போல நிலைமையை மோசமாக்குவது வேறொன்றுமில்லை.

காய்ச்சல், தலையில் அடிபட்டமை, வலிப்பு, வழக்கத்துக்கு மாறான தூக்க மயக்கம், ஆளை அடையாளம் தெரியாத குழப்பம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றுடன் ஓரிரு நாட்களுக்குள் திடீரென்று நடத்தை மாறியிருந்தால், காரணம் தேடிக் கொப்பியில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வாகன வசதி இல்லையென்றால் 1990 இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்சை அழைக்கலாம்.

முதற்படி: என்ன செய்கிறார் என்பதைக் காட்சியாக எழுதுதல்

"குழப்படி செய்கிறான்", "சரியான கோபக்காரன்" என்பவை வீட்டுக்குள் புரியும். வைத்தியருக்கோ மாற்றாளாக வரும் பராமரிப்பாளருக்கோ அவற்றால் பயனில்லை. "வலக்கையை விரித்து, பக்கத்தில் நிற்பவரின் தோளில் இரண்டு மூன்று முறை அடிப்பார், அதற்கு முன் காதைப் பொத்திக்கொண்டு முற்றத்தில் மேலும் கீழும் நடப்பார்" என்று எழுதினால், அவரை ஒருபோதும் பார்த்திராத ஒருவரும் அதைக் கண்டவுடன் அடையாளம் காண்பார். அடிப்பதும் தன் கையைத் தானே கடிப்பதும் இரண்டும் இருந்தால் அவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்க வேண்டுமென்பதில்லை.

இரண்டாம் படி: உடம்பைத் தேடுதல்

அவசரப்பட்டுத் தாண்டிவிடக்கூடாத படி இதுதான். வலியை வாயால் சொல்ல முடியாதவர் அதைக் கையால் சொல்கிறார். ஆனால் "அவர் அப்படித்தானே" என்ற எண்ணம் வீட்டாரின் கண்ணை மட்டுமன்றி வைத்தியரின் கண்ணையும் மறைத்துவிடக் கூடும்.

பல்லிலிருந்து தொடங்குவது நல்லது. ஒரு பக்கமாக மட்டும் மெல்லுதல், இறுக்கமான பிட்டையோ ரொட்டியையோ ஒதுக்கிவிட்டுக் கஞ்சியை மட்டும் விரும்புதல், கன்னத்தில் தானே குத்திக்கொள்ளுதல் ஆகியன பல்வலியின் அடையாளங்களாக இருக்கலாம். அடுத்தது காது. அதன் பின் வயிறு. மலச்சிக்கல் இந்த மக்களிடையே மிகப் பரவலானது. "நாளாந்தம் போகிறாரே" என்று தாய் சொல்வதை மட்டும் நம்பிவிட முடியாது, ஏனெனில் மலம் இறுகி அடைத்திருக்கும்போது அதன் ஓரமாக நீர்த்தன்மையானது கசிந்து வெளியேறி, வயிற்றோட்டம் போலவே தோன்றக்கூடும். சாப்பிட்டதும் அல்லது படுத்ததும் கூடுகிற ஆக்ரோஷம் நெஞ்செரிவாக இருக்கலாம். பெண்களுக்கு மாதவிடாய் நாட்களைக் கலண்டரில் குறித்து, அடித்த நாட்களுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். சிறுநீர்த் தொற்று, தலைவலி, புண்பட்ட தோல், கால் நகம் உள்வளர்தல் ஆகிய சிறியவற்றையும் விட்டுவிட வேண்டாம்.

வலிப்பு உள்ளவர்களிடம், வலிப்பு வந்து ஓய்ந்த பின் சில நிமிடங்கள் முதல் சில மணித்தியாலங்கள் வரை குழப்பமும் எரிச்சலும் இருப்பதுண்டு. அந்நேரத்தில் பிடித்து உட்காரவைக்க முயல்பவர்தான் அடிவாங்குவார். டவுண் சின்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைரொய்ட் குறைபாடு, காது கேட்கும் திறன் குறைவு, கண்புரை, குறட்டையுடன் மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு ஆகியவை அதிகம். அல்சைமர் என்ற மறதிநோயுடன் தொடர்புடைய புரதத்துக்கான மரபணு 21ஆம் குரோமோசோமில் இருக்கிறது. இவர்களிடம் அந்தக் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால், மற்றவர்களுக்கு எழுபது வயதுக்குப் பின் வரும் மறதிநோய் இவர்களுக்கு நாற்பதுகளிலேயே தலைகாட்டக்கூடும். நாற்பத்தைந்து வயதில், அதுவரை சாதுவாக இருந்தவர் குளிக்கவைக்கும்போது மட்டும் தள்ளிவிடத் தொடங்கினால், இதை நினைவில் வைத்திருங்கள்.

மருந்துகளையும் சந்தேகியுங்கள். வலிப்புக்குக் கொடுக்கப்படும் லெவெட்டிரசெட்டம், பீனோபாபிட்டோன் ஆகியவை சிலரிடம் எரிச்சலையும் ஆக்ரோஷத்தையும் உண்டாக்கும். மனநோய்க்குக் கொடுக்கப்படும் ஹலோபெரிடோல், ரிஸ்பெரிடோன் போன்றவை சிலருக்கு உள்ளூர ஒரு பதைப்பை ஏற்படுத்துவதால் அவர்கள் கதிரையில் உட்கார முடியாமல் காலை மாற்றி மாற்றி வைத்து நடந்துகொண்டே இருப்பார்கள். நோய் கூடிவிட்டதென்று எண்ணி மருந்தைக் கூட்டினால் பதைப்பும் கூடும். இவற்றுடன் சேர்த்துக் கொடுக்கப்படும் பென்ஸ்ஹெக்சோல் மலச்சிக்கலையும் சில வேளைகளில் மனக்குழப்பத்தையும் தரும். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இதை வாசித்துவிட்டு நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்தக்கூடாது. வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்துவது உயிராபத்தானது. எந்த மருந்து எந்தத் திகதியில் தொடங்கியது, அளவு எப்போது மாறியது, நடத்தை எப்போது மாறியது என்ற மூன்றையும் ஒரே தாளில் எழுதி வைத்தியரிடம் காட்டுங்கள்.

அந்த ஒற்றைத் தாள் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளிலோ வெளிநோயாளர் பிரிவில் கிடைக்கும் சில நிமிடங்களுக்குள் உங்களுக்காகப் பேசும். பிற மாவட்டங்களிலிருந்து மாற்றலாகி வந்த, தமிழ் அதிகம் தெரியாத வைத்தியராக இருந்தால், சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ அந்தத் தாளை எழுதித்தர முன்கூட்டியே ஒருவரைத் தேடி வைப்பது நல்லது. கிளினிக் கொப்பியையும் மருந்து அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர் அவரோடு வெளியே மர நிழலில் இருக்கலாம். வரிசையின் நெரிசலிலேயே அவர் கொதித்துவிட்டால் வைத்தியர் காண்பது அதை மட்டும்தான். வாயைத் திறந்து பல்லைப் பார்க்க எவருக்கும் மனம் வராது.

மூன்றாம் படி: கொப்பி எழுதுதல்

உடம்பைத் தேடும் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு சாதாரணப் பயிற்சிக் கொப்பியில் பதிவைத் தொடங்கலாம். ஒவ்வொரு நிகழ்வுக்கும் நேரம், இடம், அதற்குச் சற்று முன் நடந்தது, அவர் செய்தது, அதற்குப் பின் மற்றவர்கள் செய்தது என்ற ஐந்தும் போதும். இரண்டு மூன்று வாரங்கள் எழுத வேண்டும். சம்பவம் நடந்து அரை மணித்தியாலத்துக்குள் எழுதுங்கள். இரவில் எழுதினால் மனம் ஏற்கெனவே ஒரு கதையைக் கட்டிவிட்டிருக்கும்.

பல வீடுகளில் காணப்படுவதைச் சேர்த்து அமைத்த ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். பாலையூற்றில் தாயுடனும் அக்காவுடனும் வசிக்கும் முப்பத்திரண்டு வயதான ஒருவர், ஓட்டிசம் உள்ளவர், சில சொற்கள் மட்டுமே பேசுவார். குளிப்பென்றால் அவருக்குப் பிடிக்காது, அதனால்தான் அடிக்கிறார் என்பது அக்காவின் முடிவு. கொப்பியில் உள்ள ஒரு பதிவு இது:

"செவ்வாய், பின்னேரம் 4.10. கிணற்றடி. தண்ணீர் மோட்டரைப் போட்டேன். 'தம்பி, குளிக்க வாடா' என்று இரண்டு தரம் கூப்பிட்டேன். காதைப் பொத்திக்கொண்டு வந்து தோளில் இரண்டு அடி அடித்தார். அம்மா வந்து, 'விடு பிள்ளை, நாளைக்குக் குளிக்கட்டும்' என்றா. மோட்டரை நிப்பாட்டினேன். போய்த் திண்ணையில் இருந்துவிட்டார்."

அடுத்த பக்கத்தில் இன்னொன்று:

"வியாழன், 4.20. கரண்ட் இல்லை. வாளியால் அள்ளி வார்த்தேன். பேசாமல் குளித்தார்."

இரண்டாவது பதிவில் அடி எதுவும் இல்லை. ஆனாலும் முதலாவதைவிட அதுவே பெறுமதியானது. குளிப்பு இரண்டு நாளும் இருந்தது, கிணற்றடியும் அக்காவும் இருந்தார்கள். மோட்டர்ச் சத்தம் ஒரு நாள்தான் இருந்தது. அமைதியாகக் கழிந்த நேரங்களை எழுதாத கொப்பி பாதிக் கொப்பிதான். தூக்கம், சாப்பாடு, மலம் கழித்தமை, வெக்கை, மின்வெட்டு, விருந்தாளிகள் வந்தமை ஆகியவற்றைப் பக்கத்தின் மேல்மூலையில் ஓரிரு சொற்களில் குறித்து வையுங்கள். அவை அடிக்கு நேரடிக் காரணமாக இல்லாவிட்டாலும், மற்ற நாளில் தாங்கிக்கொள்வதை அன்றைக்குத் தாங்க முடியாமல் செய்துவிடுகின்றன. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இரவில் மின்விசிறி நின்று தூக்கம் கெட்டால், மறுநாள் காலைப் பதிவு அதைக் காட்டும்.

கொப்பியில் நியாயம் எழுத வேண்டாம். "வேண்டுமென்று செய்தார்", "பழிவாங்கினார்" என்பவை அவருடைய மனத்துக்குள் நீங்கள் எழுதிய கதைகள்.

நான்காம் படி: கொப்பியை வாசித்தல்

மூன்று வாரப் பதிவை ஒரே இருப்பில் வாசித்து, அடித்த பிறகு அவருடைய உலகத்தில் என்ன மாறியது என்று கேளுங்கள். பெரும்பாலும் நான்கு விடைகளில் ஒன்று கிடைக்கும். அவருக்குப் பிடிக்காத ஒன்று விலகியிருக்கும், மேலே மோட்டர் நின்றதைப் போல. அல்லது யாராவது அவரிடம் வந்திருப்பார்கள்: கனடாவிலிருக்கும் சித்தியுடன் தாய் வாட்ஸ்அப்பில் ஒரு மணித்தியாலம் கதைத்துக்கொண்டிருக்கும்போது மட்டும் அடிப்பவர், திட்டு வாங்கினாலும் தாயைத் தன் பக்கம் திருப்பிவிடுகிறார். அல்லது தேத்தண்ணீரோ தொலைபேசியோ கிடைத்திருக்கும். அல்லது வெளியில் எதுவுமே மாறாமல், தனித்திருக்கும்போதும் நடந்திருக்கும். அப்படியென்றால் உடலின் உள்ளே எழும் உணர்வை, அல்லது இன்னும் கண்டுபிடிக்கப்படாத வலியை, மறுபடியும் தேட வேண்டும்.

இந்த வகைப்படுத்தலுக்கு அடித்தளமாக அமைந்தது, தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்பவர்கள் பற்றி அமெரிக்காவில் பிரையன் ஐவாட்டாவும் சக ஆய்வாளர்களும் 1982இல் வெளியிட்ட ஆய்வு. அதில் அவர்கள் தனிமை, வேலை கொடுத்தல், கவனம் கொடுத்தல் போன்ற சூழ்நிலைகளைத் திட்டமிட்டு உருவாக்கி, எதில் நடத்தை கூடுகிறதென்று அளந்தார்கள். பயிற்சி பெற்ற நிபுணரின் மேற்பார்வை இல்லாமல் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். அவரைச் சீண்டிப் பார்ப்பது சோதனையாகாது. பார்த்து எழுதுவது வீட்டுக்குப் போதும்.

ஒரே அடிக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். காலையில் வேலையைத் தட்டிக்கழிக்கவும், இரவில் ஆளைக் கூப்பிடவும் ஒருவர் அதே கையைப் பயன்படுத்தலாம். பதிவுகளை நேரப்படி பிரித்து அடுக்கினால் அது தெரியவரும்.

கொப்பிக்குள் அடங்காதவை

சில காரணங்கள் அடிக்குச் சற்று முன் நடந்தவையாக இருப்பதில்லை. மாதங்களுக்கு முன் நடந்தவை. நம் ஊர்களில் அடிக்கடி காணப்படுவது இழப்பு. தகப்பன் இறந்ததும் "அவனுக்கு விளங்காது" என்று அவரை உறவினர் வீட்டில் விட்டுவிட்டுச் செத்தவீட்டை முடித்துவிடுகிறார்கள்; அப்பா கொழும்புக்குப் போயிருக்கிறார் என்று சொல்கிறார்கள். நாலைந்து மாதம் கழித்து அவர் வாசலில் நின்று வருபவரையெல்லாம் தள்ளும்போது எவருக்கும் அந்தத் தொடர்பு தோன்றுவதில்லை. விளங்கும் அளவுக்கு, எளிய சொற்களில், படத்தையும் காட்டி உண்மையைச் சொல்வதே நல்லது; அந்தியேட்டிக்கும் திவசத்துக்கும் அவரும் இருக்கட்டும்.

போரையும் 2004 சுனாமியையும் இந்த மாவட்டத்தில் இன்று நடுவயதிலுள்ள எல்லோரும் கடந்துதான் வந்திருக்கிறார்கள். பேசத் தெரியாதவர்களும் அவர்களுக்குள் அடக்கம். தீபாவளி வெடியும், கோயில் திருவிழா ஒலிபெருக்கியும் ஒருவருக்குக் காதின் கூர்மையால் தாங்காமற் போகலாம். இன்னொருவருக்குப் பழைய பயத்தைக் கிளப்பலாம். சத்தத்துக்கு முன்பே ஒளிந்துகொள்ளுதல், இரவில் அலறி எழும்புதல் ஆகியன இரண்டாவதைச் சுட்டும். அத்துடன் மனச்சோர்வு, பதற்றம் போன்ற நோய்கள் மற்றவர்களுக்கு வருவதைப்போல இவர்களுக்கும் வரும். பசி, தூக்கம், பிடித்த விடயங்களில் நாட்டம் என்பன சேர்ந்து மாறியிருந்தால் மனநலப் பிரிவில் காட்டுங்கள்.

சொல்லக் கடினமான இன்னொன்றும் உண்டு. குறிப்பிட்ட ஒருவர் வந்துபோன பிறகு, அல்லது குறிப்பிட்ட ஓரிடத்துக்குப் போய்வந்த பிறகு மட்டும் ஆக்ரோஷம் தோன்றினால், உடைமாற்றும்போது புதிதாக எதிர்த்தால், உடலில் விளக்கமில்லாத காயங்கள் இருந்தால், அவர் துன்புறுத்தப்படுகிறாரா என்பதை ஆராய வேண்டும். அந்த ஆள் சொந்தக்காரர் என்பதற்காக இதைத் தவிர்க்க முடியாது. அவரை அந்த ஆளுடன் தனியே விடாமல், வைத்தியசாலைக்கும் பொலிசுக்கும் அறிவியுங்கள்.

அவர் வளர்ந்தவர் என்பதையும் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். நாற்பது வயது மனிதரை எந்நேரமும் "இரு, எழும்பு, தொடாதே, அங்கே போகாதே" என்று நடத்தினால், எந்த நாற்பது வயது மனிதருக்கும் கோபம் வரும். எந்தச் சட்டையைப் போடுவது, எப்போது குளிப்பது என்பவற்றையாவது அவர் தெரிவு செய்ய விடுங்கள்.

ஐந்தாம் படி: ஊகத்தைச் சோதித்தல்

கொப்பியை வாசித்து முடித்ததும் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். "தண்ணீர் மோட்டர் ஓடும்போது குளிக்கக் கூப்பிட்டால் அடிக்கிறார், அடித்ததும் மோட்டர் நிற்கிறது." அவ்வளவுதான். பிறகு ஒரேயொரு விடயத்தை மாற்றுங்கள்: அவர் கடைக்கோ நடைக்கோ போயிருக்கும் காலை வேளையில் மோட்டரைப் போட்டுத் தாங்கியை நிரப்பிவிட்டு, பின்னேரம் சத்தமில்லாமல் குளிக்கக் கூப்பிடுங்கள். இரண்டு வாரம் அதே கொப்பியில் எழுதுங்கள். அடி குறைந்தால் ஊகம் சரி. குறையாவிட்டால் பழைய பதிவுகளுக்குத் திரும்பிப் போங்கள். ஒரே நேரத்தில் மருந்தையும் குளிக்கும் நேரத்தையும் ஆளையும் மாற்றினால், எதனால் குறைந்ததென்று ஒருபோதும் தெரியாது.

அதனுடன், அடி செய்துவந்த வேலையைச் செய்ய வேறொரு வழியையும் கொடுக்க வேண்டும். காதைத் தொட்டுக் காட்டுவது, "போதும்" என்ற படத்தைக் கொடுப்பது, ஒரு சொல், எதுவாகவும் இருக்கலாம். 1985இல் எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும் பிள்ளைகளிடம் காட்டியது, அந்த மாற்று வழி நடத்தையின் காரணத்தோடு பொருந்தினால் மட்டுமே பயன் தரும் என்பதுதான்; உதவி வேண்டுபவருக்குக் கவனம் கேட்கக் கற்றுக்கொடுத்துப் பயனில்லை. புதிய வழி அடியைவிட விரைவாகப் பலிக்க வேண்டும். அவர் காதைத் தொட்டதும் அந்தக் கணமே மோட்டர் நிற்க வேண்டும். "கொஞ்சம் பொறு" என்றால் கை திரும்பவும் எழும்.

அடிக்கு இதுவரை கிடைத்துவந்ததை நிறுத்தினால், முதல் சில நாட்களில் அடி குறையாமல் கூடும். பழைய வழி ஏன் வேலை செய்யவில்லையென்று அவர் இன்னும் பலமாக முயன்று பார்ப்பார். இதை முன்பே அறிந்திராத வீடுகள் மூன்றாம் நாளில் விட்டுக்கொடுத்துவிடுகின்றன. அதனால், பலமாக அடித்தால்தான் பலிக்கும் என்பதை அவர் கற்றுக்கொள்கிறார். வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள முடியாதென்றால், அடிக்குக் கிடைத்துவந்ததை நிறுத்தும் இந்த முறையைத் தொடங்கவே வேண்டாம். மாற்று வழியைக் கற்பிப்பதுடன் நில்லுங்கள்.

கட்டிவைப்பதும் அறைக்குள் பூட்டுவதும் அடிப்பதும் காரணத்தை அப்படியே விட்டுவிட்டு ஆளை மட்டும் அச்சுறுத்துகின்றன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியுள்ளது.

மருந்து கேட்பதற்கு முன்

2008இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்றில், மனநோய் இல்லாத, அறிவுசார் குறைபாடும் ஆக்ரோஷமும் உள்ள 86 பேருக்கு ரிஸ்பெரிடோன், ஹலோபெரிடோல், மருந்தற்ற வெற்று மாத்திரை ஆகிய மூன்றில் ஒன்று கொடுக்கப்பட்டது. நான்கு வாரங்களில் மூன்று குழுக்களிலும் ஆக்ரோஷம் குறைந்தது. மிக அதிகமாகக் குறைந்தது வெற்று மாத்திரைக் குழுவில். மருந்து யாருக்குமே தேவையில்லை என்று இதற்குப் பொருளல்ல. மனநோய் இருப்பவருக்கும், உயிராபத்தான நிலையில் இருப்பவருக்கும் வைத்தியர் கொடுப்பது அவசியமாகலாம். ஆனால் காரணம் தேடாமல் மருந்துக்குப் போக வேண்டாமென்பதற்கு இது போதுமான ஆதாரம். மருந்து தொடங்கப்பட்டால், எதைக் குறைப்பதற்காகத் தரப்படுகிறது, எப்போது மீளாய்வு செய்யப்படும் என்ற இரண்டையும் கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

தனியே சமாளிக்க முடியாதபோது பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் பெயரைப் பதிந்து, கிடைக்கக்கூடிய உதவிகளைக் கேளுங்கள். வைத்தியசாலையில் பேச்சுச் சிகிச்சையாளரையும் தொழில்வழிச் சிகிச்சையாளரையும் காண்பதற்குக் கடிதம் கேளுங்கள். பேச்சு வராத பெரியவருக்குப் படங்களால் கேட்கக் கற்பிக்க வயது ஒரு தடையல்ல. அடிவாங்கித் தூக்கமிழந்து நீங்களே தளர்ந்துபோயிருந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இரவிலும் பேசும்.

கொப்பியை எறிந்துவிட வேண்டாம். வீடு மாறும்போதும், பராமரிப்பவர் மாறும்போதும், புதிய மருந்து தொடங்கும்போதும், குடும்பத்தில் கலியாணமோ மரணமோ நிகழும்போதும் இரண்டு வாரத்துக்கு மீண்டும் எழுதுங்கள். நீங்கள் பராமரிப்பவருக்குப் பிடித்தவை, பிடிக்காதவை, கொதிப்படையுமுன் அவர் காட்டும் அடையாளங்கள் ஆகியவற்றை அதன் முதற்பக்கத்தில் எழுதி, புதிதாகப் பராமரிக்க வருபவரிடம் கொடுங்கள்.